சட்டையைப் பார்த்து ஏமாந்தேன்

என் மகன் மணி ஃபிஜித் தலைநகர் சுவாவில் யூனிவர்சிட்டியில் சேர்ந்த பிறகு, ரக்கிரக்கியில் கரும்புக்காட்டு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன்.

அவன் வேறு இரண்டு பையன்களோடு ஒரு வீட்டில் தங்கியிருந்தான். கதவு திறந்திருந்தது. மணியின் நீலச் சட்டை தெரிந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்த் தலையைத் தடவினேன். முடி வேறாக இருந்தது.

விருட்டென்று எழுந்தவன் கூடத் தங்கியிருந்த ஜோசேவா, வேறு தீவிலுள்ள சவுசவு ஊர்ப் பூர்வகுடி ஃபிஜியப் பையன். அவர்கள் தலையை அடுத்தவர் தொட்டால் பெரிய அவமானம். இங்கேயே பிறந்த எனக்கு அது தெரியும். வீடோ அவன் மாமாவுடையது. மணிக்கு இடம் போய்விடுமோ என்று பயந்துபோனேன். "துலோ, துலோ" என்று அவர்கள் பாஷையில் மன்னிப்புக் கேட்டேன்.

அடுப்படியிலிருந்து சிகடோகா பையன் கரீம் எட்டிப் பார்த்து இந்தியில் சொன்னான்: "அடுத்தவன் சட்டையைப் போட்டா அவன் அம்மாவும் கூடவே வரும்டா!"

ஜோசேவா சிரிக்கவில்லை. "எங்கம்மா மட்டும்தான் தொடுவாங்க, மௌசி. அவங்களைப் பார்க்கக் கப்பல்ல போகணும்," என்றான். மௌசி என்றால் இந்தியில் சித்தி. பிறகு தானே உட்கார்ந்து தலையைக் குனிந்தான். "இன்னொரு தரம்."

கடைக்குப் போன மணி வரும்வரை தடவிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்த பிறகே உள்ளே போகிறேன். ஜோசேவா தானாக வந்து குனிந்தால்தான் தொடுவேன். குனிகிறான்.

மணி குனிவதில்லை. கூட்டாளிகள் பார்க்கிறார்களாம்.