அண்ணன் எதிர்த்த திட்டம்

அந்தப் பகுதியில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. பழைய தபால் நிலையத்தைச் சுகாதார நிலையமாக மாற்றிய காலத்தில் அங்கே நர்சாக வந்தவள், அதற்குப் பிறகு வேறெங்கும் மாற்றலாகிப் போகவில்லை. அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு வீறிட்ட குழந்தைகள் வளர்ந்து, தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "வெளியில க்யூ நின்னுச்சு, எழுந்து போக முடியல" என்று சிரிப்பாள்.

அரசாங்கம் ஒரு புதிய மருத்துவத் திட்டம் கொண்டுவரப் போகிறது என்று சுற்றறிக்கை வந்தபோது சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு குடும்பமும் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பரிசோதனை, அறுவை சிகிச்சை எதுவானாலும் அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு போனால் தனியார் ஆஸ்பத்திரியிலும் காசு கேட்காமல் பார்ப்பார்கள். இதை வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது. அவளும் செருப்புத் தேய நடந்தாள்.

கதவுகள் திறந்தன. காதுகள்தான் திறக்கவில்லை.

"பேரைக் குடுத்தா நாளைக்குக் கிட்னியை எடுத்துக்குவாங்களாமே?" என்று கேட்டாள் ஒருத்தி. "சும்மா குடுக்கிற வைத்தியம் எப்படிம்மா நல்ல வைத்தியமா இருக்கும்?" என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எனக்கு எங்க வலிக்குதுன்னு நீ சீட்டு எழுதிக் குடுத்தாத்தான் டாக்டர் நம்புவாரா?" என்று மடக்கினார்.

"வலி உங்களோடதுதான் சார். செலவு மட்டும்தான் அரசாங்கத்தோடது."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

இந்த எதிர்ப்புக்கெல்லாம் தலைமை தாங்கியது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன்தான். பெரிய சாலை முனையில் டயர்க் கடை வைத்திருந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். யார் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றாலும், யார் வாசலில் தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், கை கிரீஸைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நல்ல மனுஷன். அவர் சொன்னால் தெருவே கேட்கும்.

அவர் எதிர்த்ததற்கும் காரணம் இருந்தது. அவர்களுடைய அப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவரை அந்த வார்டுக்குப் போ, இந்த வார்டுக்குப் போ என்று அலைக்கழித்தார்கள். கடைசியில் டாக்டர் வந்து பார்க்கும்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு அண்ணன், இனி செத்தாலும் அரசாங்கத்தை நம்பி உடம்பைக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். தங்கை நர்சுப் படிப்புக்கு மனுப் போட்டாள். ஒரே சாவு இரண்டு பேரையும் இரண்டு பக்கமாகத் தள்ளிவிட்டது.

"நீ உள்ள இருக்கே, அதனால உனக்கு அது கோயிலாத் தெரியுது. வெளியில நிக்கிறவனைக் கேளு. எல்லாரும் சீட்டுக்கு உன்கிட்ட வந்துட்டா நம்ம தெரு டாக்டரு கிளினிக்கை மூடிட்டுப் போயிருவாரு. அப்புறம் நீயா வந்து பாப்பே?" என்பார்.

"அவர் ஏண்ணே மூடப் போறாரு?"

"மூடிருவேன்னு அவரே சொல்றாரும்மா."

அதற்கு மேல் அவளைப் பேச விடமாட்டார். பேசினால், "சரி சரி, டீயைக் குடி, ஆறுது" என்று முடித்துவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் நோயாளிகளெல்லாம் போன பிறகு அண்ணி சுகாதார நிலையத்துக்கு வந்தாள். வழக்கமாக வாசலிலேயே வம்பளந்துவிட்டுப் போகிறவள், அன்றைக்கு நேராக உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

"கொஞ்சம் பாரேன். கட்டி மாதிரி இருக்கு."

வலது மார்பின் மேல் ஓரத்தில் இருந்தது. ஊசியக்கா விரலால் அழுத்திப் பார்த்தாள். கட்டி கல் மாதிரி இருந்தது, அசையவில்லை.

"எத்தனை நாளா இருக்கு அண்ணி?"

"இருக்கும், கொஞ்ச நாளா."

"நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் கூட வர்றேன்."

"உங்க அண்ணன் அந்த வாசலை மிதிக்க விடுவாரா? தனியார்ல காட்டணும்னு நிப்பாரு, அதுக்குக் கடையை வித்துருவாரு. அந்த மனுஷனுக்கு அந்தக் கடையை விட்டா வேற என்ன இருக்கு?" அண்ணி ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். "நீதானே வீடு வீடாச் சொல்லிட்டு வர்றே, இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாம் இலவசம்னு. அது வரட்டும். முத சீட்டு எனக்கு எழுதிக் குடு."

"அதுவரைக்கும் தாங்காது அண்ணி."

"தாங்கும். அவருகிட்ட வாயைத் திறக்கக் கூடாது. என் மேல சத்தியம்."

அண்ணி போன பிறகும் அவள் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வாய் வலிக்க வலிக்க ஒவ்வொரு வாசலிலும் சொன்னதை யாருமே நம்பவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாளே, நம்பியவள் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

அதன் பிறகு அவள் அண்ணியைக் கெஞ்சாத நாளில்லை. அண்ணி பிடி கொடுக்கவில்லை. அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று டயர்க் கடை வரை போவாள். அண்ணன் எதிர்ப்புத் தட்டியில் ஆணி அடித்துக்கொண்டே, "வாங்க கவர்மெண்டு" என்று கேலியாக வரவேற்பார். அங்கே நாலு பேர் இருப்பார்கள். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்ற தொழில் கட்டுப்பாடு ஒரு பக்கம், சத்தியம் ஒரு பக்கம். சொல்லாமலே திரும்பிவிடுவாள்.

திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மக்களைக் கேட்க அரசாங்கம் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள் இருவர். அவர்களுக்குப் பின்னால் ஊசியக்கா. ஊழியர்கள் பேசக் கூடாது, கேட்டால் மட்டும் விவரம் சொல்லலாம் என்று உத்தரவு. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் நன்றாகப் பேசினார். எங்கேயும் பொய் சொல்லவில்லை. அப்பா இறந்ததைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. "நம்ம உடம்பு நம்மளோடது. எங்க காட்டணும், யாருகிட்ட காட்டணும்னு நாமதான் முடிவு பண்ணணும்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அந்த அதிகாரிகளில் இளையவர் திட்டத்தை விளக்க எழுந்தார். நாலு வார்த்தை பேசுவதற்குள் நாற்காலிகளைத் தட்டி உட்கார வைத்துவிட்டார்கள்.

வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். காடு மாதிரி கைகள் எழுந்தன. ஊசியக்காவின் கண் பெண்கள் வரிசையில் அண்ணியைத் தேடியது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். அண்ணியும் கையைத் தூக்கினாள். இடது கையை. வலது கை மடியில் கிடந்தது. அதைத் தூக்கினால் வலிக்கும் என்று அந்த அரங்கத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வெளியே வரும்போது அவள் அண்ணியை ஓரமாக இழுத்தாள். "நீங்களுமா அண்ணி?"

"எல்லாரும் தூக்குறப்ப நான் மட்டும் எப்படி உக்காந்திருக்கிறது? அவருக்குத் தலைகுனிவா ஆயிராதா?" என்றாள் அண்ணி. பிறகு மெதுவாக, "நம்ம ஒரு தெரு வேண்டாம்னா நின்னுருமா என்ன? வந்துரும்" என்றாள்.

வரவில்லை. எல்லா ஊரிலும் ஏதோ ஒரு டயர்க் கடைக்காரர் இருந்திருக்க வேண்டும். திட்டம் நிறுத்தி வைக்கப்படுவதாகச் செய்தி வந்த அன்று அண்ணன் கடை வாசலில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஊசியக்கா கடைக்குப் போய்ச் சத்தியத்தை உடைத்தாள். அண்ணன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்த பிறகும் அமுக்கிய கையை எடுக்கவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாங்கண்ணே."

"நீ நர்சுதானே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவர் தெரு டாக்டரிடம் ஓடினார். டாக்டர், இது தன் கையை மீறியது என்று நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அண்ணி பயந்தபடியே கடை கைமாறியது. அறுவை சிகிச்சை நடந்தது. நோய் அக்குள் வரை பரவியிருந்தது. "ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு, "வீட்டுல வேலை சரியா இருந்துச்சு" என்றாள் அண்ணி. மருந்து ஏற்ற ஏற்ற முடி கொட்டியது, நகம் கறுத்தது. பிழைப்பாளா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அண்ணன் இப்போது அதே கடையில் கூலிக்கு டயர் மாற்றுகிறார்.

மருந்து ஏற்றும் நாட்களில் ஊசியக்கா லீவு போட்டுவிட்டு வருவாள். அப்படி ஒருநாள் அண்ணி கண்ணயர்ந்திருந்தாள். அண்ணன் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"இந்த அரசாங்கம் மட்டும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வழி பண்ணி வச்சிருந்தா, இப்படி அல்லாட வேண்டியதில்லைல்ல?" என்றார்.

அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். குத்தலும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. மனசார நம்பித்தான் சொன்னார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தொடங்கினாலும் யாருக்கு என்ன ஆகப் போகிறது?

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு, மருந்து பாட்டில் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனாள்.