மகள் அழைத்தாள், அவர் தோள் இறங்கியது

சரவணம்பட்டியில் காலையில் ஓடுகிறவர்களில், தோளைக் காது வரைக்கும் தூக்கி, கை முஷ்டியை இறுக்கிக்கொண்டு ஓடும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் என் கணவர்தான்.

ஓடி முடித்தால் தினமும் கழுத்துவலி. "தோளைத் தளர்த்துங்க, கையை லூசா உடுங்க" என்று கூடவே ஓடும் நான் சொல்வேன். சொல்லச் சொல்ல இன்னும் விறைத்துப்போவார்.

இன்று ஷூ மாட்டும்போதே சொல்லிவிட்டார்.

"இன்னைக்கோட உட்டுப்போடறேன் அம்மணி. எனக்கு இது ஆவாது."

ஓட ஆரம்பித்த பிறகு அவருக்குச் சர்க்கரை இப்போதுதான் குறைந்து வருகிறது. எனக்கு மனசே கேட்கவில்லை.

பாதி வழியில், சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் அழைத்தாள். இயர்போனில் பேசிக்கொண்டே ஓடினார். குரங்கு ஒன்று அவளுடைய ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்.

"இன்னொரு செருப்ப என்ன பண்டுனே கண்ணு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பின்னால் ஓடிவந்த நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோள் தானாக இறங்கியது. விரல்கள் விரிந்தன. தொப்தொப்பென்ற காலடிச் சத்தம்கூட அடங்கியது. பேச்சு சுவாரஸ்யத்தில் எங்கள் வீட்டைத் தாண்டியும் ஓடிப்போனார்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, கழுத்து வலிக்குதுங்களா?"

தடவிப் பார்த்தார். "அட, இல்லியே! செரி, நாளைக்கும் வாரேன்."

உடனே மகளை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். "தினமும் இந்த நேரத்துக்கெல்லாம் எந்திரிக்க முடியாதும்மா" என்று வைத்துவிட்டாள்.

நாளைக் காலை அவரோடு போனில் பேச யாருக்கு வசதிப்படும்? அரசியல் மட்டும் வேண்டாம், தோள் மறுபடியும் ஏறிவிடும்.