கப்பல் பெட்டியும் ஊர்ப் பெட்டியும்

குச்சி மட்டும் பற்றினால், நெருப்புப்பெட்டி விற்பதைப்போல இலேசான தொழில் உலகத்தில் வேறொன்றும் இல்லை.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்களில், யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் இருந்த ஒரு சின்ன நெருப்புப்பெட்டிக் கொம்பனிக்கு ஊர் ஊராகச் சைக்கிளில் திரிந்து ஓடர் பிடித்தவன் நான். பிறநாட்டு நெருப்புப்பெட்டிக்கு அரசாங்கம் இறக்குமதி வரியை ஏற்றிய கையோடு பிறந்த கொம்பனி அது. கடல் தாண்டி வருவதைச் சனங்கள் கப்பல் பெட்டி என்றார்கள். எங்களுடையது ஊர்ப் பெட்டி. கப்பல் பெட்டி ஒரே உரசலில் பற்றும். ஊர்ப் பெட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? மழைக்காலத்தில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, உரசி உரசி விரல் நொந்தவர்கள் அல்லவா நீங்கள்! நீங்கள் திட்டிய திட்டெல்லாம் எனக்குத்தான் வந்து சேர்ந்தது. ஆகையால் நாமெல்லாம் ஒரே துன்பத்தில் பங்காளிகள் என்ற உரிமையோடு சொல்லுகிறேன், கேளுங்கள்.

குடைக்காரன் நியாயம்

முதலாளி அம்பலவாணர் மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு வந்தவர். மற்றப் பென்சன்காரர்கள் நடுமுற்றம் வைத்து நாற்சார் வீடு கட்டிக்கொண்டிருக்க, இவர் நெருப்புக்குச்சி செய்ய வெளிக்கிட்டார். வரி வந்ததும் கப்பல் பெட்டியின் விலை இரட்டிப்பாகிவிட்டது. எங்கள் பெட்டியைச் செய்ய அதில் பாதிச் செலவுகூட இல்லை. சனங்களுக்குப் பழைய விலைக்கே கொடுப்போம், வீட்டுக்கு வீடு வாங்குவார்கள் என்று நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

அவரோ கப்பல் பெட்டியிலும் பார்க்க ஒரு நூல் குறைத்து விலை வைத்திருந்தார். அரசாங்கம் கப்பல்காரனுக்குப் போட்ட வரியை, கப்பலே ஏறாத எங்கள் குச்சிக்கும் சனங்கள் கட்டினார்கள். வித்தியாசம் என்னவென்றால், எங்கள் பங்கு அரசாங்கத்துக்குப் போகவில்லை, அம்பலவாணரின் பெட்டகத்துக்குப் போயிற்று. என் யோசனையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே சிரித்தார்.

“தம்பி, மழை கொட்டேக்கை குடையை விலை குறைச்சு விக்கிற ஒருத்தனை எனக்குக் காட்டும் பாப்பம்.”

பெண் கேட்ட கடை

வட்டுக்கோட்டையில் சின்னத்தம்பியர் என்பவருக்கு ஒரு பெரிய பலசரக்குக் கடை. சுற்றுவட்டாரச் சின்னக் கடைக்காரர்கள் எல்லாரும் அவரிடந்தான் மொத்தமாகச் சாமான் எடுப்பார்கள். அவர் கப்பல் பெட்டியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். முதல் தரம் போனபோது, “எங்கை, இந்தச் சுருட்டைப் பத்தவையும்” என்றார். நான் உரசினேன். ஒரு குச்சி முறிந்தது. அடுத்தது புகைந்து செத்தது. அதற்கடுத்ததன் தலை பறந்து சீனிச் சாக்கில் விழுந்தது. அந்த நேரம் உள்ளேயிருந்து அவருடைய மகள் பரமேஸ்வரி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தணலைக் கொண்டுவந்து தகப்பனிடம் நீட்டினாள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு ஓடர் கிடைக்காதென்று தெரிந்தும் கிழமை தவறாமல் அந்தக் கடைக்குப் போனேன். கடைசியில் என்னுடைய மாமாவை அனுப்பிப் பெண் கேட்டேன். சின்னத்தம்பியர் கோபிக்கவில்லை. மாமாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து, சொல்லியனுப்பிய மறுமொழி இதுதான்:

“பெடியன் நல்ல பெடியன். ஆனால் உவரின்ரை வேலை கவுண்மேந்து ஒரு கையெழுத்திலை குடுத்த வேலை. நாளைக்கு இன்னொரு கையெழுத்திலை வரியை எடுத்துப்போட்டால், என்ரை பிள்ளை பத்தாத குச்சியை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது? வரி இல்லாட்டிலும் விக்கக்கூடிய பெட்டி ஒண்டை முதல் கொண்டரச் சொல்லுங்கோ, பிறகு கதைப்பம்.”

துறையில் கிடைத்த ஓடர்

மனம் உடைந்து இருந்த அந்தக் கிழமைதான் வல்வெட்டித்துறைக்குப் போனேன். அங்கே தோணி ஓட்டிப்போகிற தலைவரைத் தண்டையல் என்பார்கள். ஒரு தண்டையல் கரையில் நின்று சாமான் ஏற்றுவித்துக்கொண்டிருந்தார். எங்கள் குச்சி கடற்காற்றில் பற்றுமா என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, உரசிக் காட்டினேன். பெட்டியில் பாதி முடிந்தும் ஒன்றும் பற்றவில்லை. பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவர் என் சைக்கிள் காண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கை போறீர்? தோணி நிறைய மண்ணெண்ணெய்த் தகரம் ஏத்திக்கொண்டு, பீடி பத்தாதேங்கோ எண்டு இவங்களுக்குச் சொல்லி என்ரை வாய் நொந்துபோச்சு. உம்மடை பெட்டியிலை ரண்டு டசின் போடும்.”

மேடையும் சுருட்டும்

உள்ளூர்ச் சாமானையே வாங்கவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசுகிற ஒரு கதர்ச்சட்டை வாத்தியார் இருந்தார். எங்கள் பெட்டியை மேடையில் தூக்கிக் காட்டி, “இது வெறும் குச்சியல்ல, எங்கள் மானம்” என்பார். சனம் கைதட்டும். எனக்கும் இரண்டு நாளைக்கு வியாபாரம் நன்றாக நடக்கும். ஒருநாள் கூட்டம் முடிந்து நன்றி சொல்லலாமென்று பின்னாலே போனேன். மனிதர் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, கதர்ச்சட்டையின் உட்பையிலிருந்து கப்பல் பெட்டி ஒன்றை எடுத்துச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். “மாஸ்டர்!” என்றேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

“அது மேடைக்கு, இது சுருட்டுக்கு. நாட்டுப்பற்று இருக்கத்தான் வேணும் தம்பி, ஆனால் ஒரு சுருட்டு முடியிறதுக்கிடையிலை நாலுதரம் அணைஞ்சு நூருது.”

பக்கத்து வீட்டு நெருப்பு

குருநகரில் செபமாலை அக்கா என்று ஒரு வாடிக்கைக்காரி. புருசன் கடற்றொழில். திடீரென்று பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார். பற்றாத குச்சிதான் காரணமாக்கும் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா தேங்காய்ப் பொச்சுமட்டை ஒன்றில் நெருப்பு ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்து வந்தார். வலை காயப்போடுகிற இடத்துக்காக அந்த வீட்டாரோடு கனகாலமாக முகம் பார்க்காமல் இருந்தவர் அவர் என்பது எனக்குத் தெரியும். என்ன அக்கா இது என்றேன்.

“நீங்கள் வைச்ச விலைக்குப் பயந்துதான் தம்பி, நெருப்புக் கேட்டு அவளின்ரை படலையைத் திறந்தனான். இப்ப நெருப்பு எடுக்கப் போனால் கதைச்சு முடிய அரை நாள் போகுது. நீர் நல்லாயிருப்பீர், விலையைக் குறைச்சுப் போடாதையும்.”

டயர்

என் சைக்கிள் டயர் தேய்ந்து நூல் தெரிந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் பெட்டியை எடுத்து விற்பவர்தான். அவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு ஆத்திரம் ஏறியது. இதற்கும் வரி கூடிவிட்டதாம். இந்த அரசாங்கம் ஏழை எளியவனை வாழ விடாதா, ஊரில் டயர் செய்கிற ஒருவனும் இல்லையே, யாருக்காக இந்த வரி என்று கத்தினேன். அவர் ஆறுதலாகக் காற்றடித்துக்கொண்டே சொன்னார்.

“தம்பி, நீர் விக்கிறதுக்குப் போட்ட வரி நல்ல வரி, நீர் வாங்கிறதுக்குப் போட்ட வரி கூடாத வரி. எல்லாருக்கும் அப்பிடித்தான், குடிக்கத் தண்ணி தரட்டோ?”

வேலிக்கு வந்த விலை

எங்கள் குச்சிகள் முள்முருக்கு மரத்தில் செய்தவை. அதுவரை வேலியில் கதியால் என்கிற உயிர்க்கம்பாக நின்று, ஆட்டுக்குக் குழை கொடுத்த மரம் அது. அதை விலைக்குக் கேட்பார் உண்டு என்று ஒருவரும் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். எங்கள் வண்டில்கள் அச்சுவேலியில் தொடங்கி வட்டுக்கோட்டை வரைக்கும் போய் முருக்கை வெட்டி ஏற்றின. விலை பிறந்தது தெரிந்ததும் சனங்கள் தாங்களே கூப்பிட்டுக் காட்டினார்கள். ஓரிடத்தில் இரண்டு சகோதரர்களுடைய காணிகளுக்கு நடுவே நின்ற வேலி முழுவதையும் வாங்கினோம். எல்லைத் தகராறு வராதா என்று தம்பியாரைக் கேட்டேன்.

“எந்த எல்லை? அந்த வேலி ஒரு முழம் இஞ்சாலை, ஒரு முழம் அங்காலை எண்டு அண்ணையோடை இத்தினை வருஷமாய் வழக்குப் பேசினன். இப்ப எல்லையையே உங்களுக்கு வித்துப்போட்டம், வழக்கும் முடிஞ்சுது.”

வெறும் குடில்

ஆனால் முருக்கு ஈர மரம். குச்சி பற்றாததற்கு அதுதான் காரணம். சின்னத்தம்பியரின் மறுமொழியை நான் முதலாளியிடம் சொல்லி, எனக்குக் கலியாணம் நடக்கவேண்டுமானால் குச்சி காயவேண்டும் என்று அழாத குறையாகக் கேட்டேன். மனிதர் முதல்முறையாக யோசித்தார். கொம்பனிக்குப் பின்னாலே தோட்டக்காரர் கந்தையா அண்ணை புகையிலையைப் புகைபோட்டுக் காயவைக்கிற குடில் பூட்டிக் கிடந்தது. அவருடைய புகையிலை மலையாளத்துக்குப் போவது. அங்கே அதற்கு வரியை ஏற்றிவிட்டார்கள், வாங்குவாரில்லை. அந்த வருஷம் அவர் பாதித் தோட்டத்தில் மிளகாய் போட்டுவிட்டு, மீதியில் என்ன போடுவதென்று தெரியாமல் நின்றார்.

முதலாளி குடிலை வாடகைக்கு எடுத்தார். மருந்து வைப்பதற்கு முன்பே, வெறுங்குச்சியைப் புகையிலை போலப் பொச்சுப் புகையில் காயவைத்தோம். ஈரம் போயே போய்விட்டது. பிறகு உருக்கிய மெழுகில் ஒருதரம் தோய்த்தெடுத்து மருந்து வைத்தோம். கந்தையா அண்ணை முதல் குச்சியை உரசிச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, குடிலுக்குள் எட்டிப் பார்த்தார்.

“மலையாளத்தான்ரை வரி என்ரை குடிலைக் காலியாக்கிச்சுது, எங்கடை வரி நிரப்பியிருக்கு. நான் ரண்டுக்கும் ஒண்டும் செய்யேல்லை. வாழ்த்துறதோ திட்டுறதோ எண்டு நீர்தான் சொல்லும்.”

கார்த்திகை மழை

புதுப் பெட்டியோடு வட்டுக்கோட்டைக்குப் போன நாள் கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடை முழுவதும் ஈரம். சின்னத்தம்பியர் பெட்டியை வாங்கி, நனைந்த கையாலேயே குச்சியை எடுத்தார். உள்கதவுக்குப் பின்னால் பரமேஸ்வரி சிரட்டையோடு நிற்பது எனக்குத் தெரிந்தது.

உரசினார். பற்றியது! சுருட்டைப் பற்றவைத்து, குச்சியை மூக்கில் பிடித்துப் பார்த்து, புகையிலை வாசம் வருகிறதே என்று வியந்தார். பிறகு விலையைக் கேட்டார். சொன்னேன். முதலாளி சொன்ன குடை நியாயத்தையும் சொன்னேன். அவர் பெட்டியை மேசையில் வைத்தார்.

“சாமான் சரி. உங்கடை ஸ்டேசன் மாஸ்டரிட்டைச் சொல்லும், மழை விட்டாப் பிறகும் குடை விக்கவேணுமெண்டால் இப்பவே விலையைக் குறைக்கட்டாம். அவர் குறைச்சால் நூறு குறோஸ் எடுப்பன். மற்ற விசயத்துக்கு மாமாவை வரச் சொல்லும்.”

கன்னிக்கால்

நூறு குறோஸ், அதாவது ஆயிரத்திருநூறு டசின் பெட்டி, என்றதும் முதலாளி விலையைக் குறைத்தார். தை மாதத்தில் கலியாணம் என்று நாள் வைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கலியாண வீட்டில், முள்முருக்கங் கொப்பு ஒன்றைக் கன்னிக்கால் என்று நட்டு, பால் ஊற்றிக் கும்பிட்ட பிறகே பந்தல் வேலை தொடங்கும். முருக்கு இல்லாவிட்டால் கன்னிக்கால் இல்லை. கன்னிக்கால் இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. கால் நடுவதற்கு முதல் நாள் சின்னத்தம்பியர் கத்தியோடு வெளிக்கிட்டார். வட்டுக்கோட்டையில் ஒரு வேலியிலும் முருக்கு இல்லை. எல்லாவற்றையும் எங்கள் வண்டில் கொண்டுபோய்விட்டது. ஒன்றிரண்டு மிஞ்சி நின்ற வளவுக்காரர்கள், வரி இன்னும் கூடுமாம், விலை ஏறட்டும் என்று ஒரு கொப்புக்கூட வெட்ட விடவில்லை. அந்த முகூர்த்தம் தப்பினால் அடுத்தது சித்திரை கழித்துத்தான் என்று சாத்திரியார் சொல்லிவிட்டார்.

பின்னேரம், கொம்பனி வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சின்னத்தம்பியர் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். வழி நெடுக வளவு வளவாக முருக்குக் கேட்டுக்கொண்டு வந்தாராம். எங்கள் குச்சி பற்றாமல் தடைப்பட்ட கலியாணம், பற்றிய பிறகு அதே குச்சியால் தடைப்படப் போகிறதே! அவரைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அரிவதற்கு வந்த முருக்கு அங்கே மலையாகக் குவிந்து கிடந்தது. மார்கழி மழையில் நனைந்து நனைந்து, வெட்டிப் போட்ட கட்டைகளும் கொப்புகளும் எல்லாம் துளிர் விட்டிருந்தன. சின்னத்தம்பியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலில் ஏறினார். நேராக வளர்ந்து, நுனியில் பச்சைத் துளிர் விட்ட ஒரு கொப்பைத் தேடி எடுத்தார். நட முதலே துளிர்த்த கன்னிக்காலை ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள், நல்ல சகுனம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காரில் ஏறி, கொப்பை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை முறைவைத்துக் கூப்பிட்டார்.

“விலையைச் சொல்லும் மருமோன். வரியையும் சேர்த்துச் சொல்லும்.”

கப்பல் பெட்டிக்கு வரி போட்டது அரசாங்கம், அதைக் குச்சிக்குக் குச்சி கட்டித் தீர்த்தது நீங்கள், கலியாணம் முடித்தது நான் என்றபடியால், உங்கள் நொந்த விரல்களுக்கு நானும் பரமேஸ்வரியும் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள்.