செவன் ஹில்ஸ் சாணமும் ராஜஸ்தான் ரொட்டியும்

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது: சிட்னி மாநகரில் ரெயிலேறிப் போய்ச் சாணம் அள்ளி வந்த முதல் தமிழன், வயது பதினைந்து, ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் பத்திரமாகத் திரும்பிவிட்டான். மாலை போட வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரவும்.

போன காரணம் பக்கத்து வீட்டு சரோஜ் அன்ரி. ராஜஸ்தான்காரி. அவருடைய ஊருக்கு ஒரு பக்கம் பாலைவனம், மறுபக்கம் மலை. தண்ணீர் எந்தப் பக்கமும் இல்லை. அதனால் அங்கே குழம்பு மோரில் கொதிக்கும், வெயிலில் காய்ந்த காய்கள்தான் கறி. விருந்தென்றால் கோதுமை மாவை நெய் விட்டுப் பிசைந்து உருட்டி, வறட்டித் தணலுக்குள் புதைத்துச் சுடுவார்கள். சாம்பலைத் தட்டி, உடைத்து, நெய்யில் முக்கிப் பருப்போடு சாப்பிடுவது. (அதன் பெயரைத் தமிழில் எழுதினால் பாட்டி என்று வரும். பாட்டியைச் சுட்டுத் தின்றோம் என்று எழுதினால் பொலிஸ் வரும். ஆகவே உருண்டை ரொட்டி.)

அன்ரியின் கணவர், எங்கள் அங்கிள், இங்கே வந்த நாளிலிருந்து அந்தப் புகை மணத்தைப் பற்றியே பேசுவார். காஸ் அடுப்பில் அது வராதாம். இப்போது வேலை மாற்றலாகி மெல்பேர்ன் போகிறார்கள். அங்கே மூன்றாம் மாடி வீடு, தணல் மூட்ட முற்றம் கிடையாது. புறப்படுவதற்கு முந்தின ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. எல்லாம் இருக்கிறது, வறட்டிதான் இல்லை என்றார் அன்ரி. அது என் பொறுப்பு என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"மாட்டைக் கண்டா மதில் பாயிற ஆள், சாணம் அள்ளப் போறாராம்" என்றார் அம்மா.

"பாருங்கோவன் அம்மா."

விருந்துக்கு ஒரு கிழமைக்கு முன், சனிக்கிழமை காலை எட்டரை ரெயிலில் செவன் ஹில்ஸ். இருபது கிலோமீட்டர், அரை மணி நேரம், போய்வர நாற்பது சதம். பெயர்தான் ஏழு குன்று. நான் ஒன்றைக்கூடக் காணவில்லை. தொழிற்சாலைகளைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடந்தால் மாட்டுப் பண்ணை. பண்ணைக்காரர் நான் கேட்டதை இரண்டு முறை சொல்ல வைத்தார். பிறகு சிரித்துவிட்டு, வேண்டிய மட்டும் அள்ளு, படலையை மட்டும் ஒழுங்காகச் சாத்து என்றார். பதினொரு மாடுகளுக்கு நடுவே நுழைந்து சாக்கை நிரப்பினேன். திரும்பும்போது ரெயில் பெட்டி முழுவதும் எனக்கு ஒருவனுக்கே கிடைத்தது.

அள்ளியதைப் பிசைந்து, தட்டி, கொட்டில் கூரையில் ஒரு கிழமை காயவைத்தேன். ஞாயிறன்று அன்ரி ஒரு வறட்டியை உடைத்துப் பார்த்தார். உடைந்த இடத்தை நகத்தால் கிளறினார். பிறகு என் தலையைத் தடவி, "சாபாஷ், பேட்டா" என்றார். பேட்டா என்றால் மகன். எங்களை முன்னறையில் இருக்கச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

ரொட்டி வந்தது. அங்கிள் உடைத்தார், மணந்து பார்த்தார், கண்ணை மூடினார். அருமையான புகை வாசம் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினொரு மாடுகளின் கதையை நான் மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் மாடுகள் பதினேழு.

திங்கட்கிழமை அவர்கள் போய்விட்டார்கள். வேலிக்கு அப்பால் விழுந்த பந்தை எடுக்கப் போனேன். அன்ரி வீட்டுக் கராஜுக்குப் பின்னால் என் வறட்டிகள் அத்தனையும் அழகாக அடுக்கியிருந்தன. உடைத்தது ஒன்று மட்டும் மேலே.

போக நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை: இரண்டு சாக்கு கொண்டு போங்கள், தொப்பி போடுங்கள், காய்ந்ததை அள்ளுங்கள். மாடு திரும்பிப் பார்த்தால் ஓடாதீர்கள். பண்ணைக்காரர் பின்னாலிருந்து கத்தினார், அது சும்மா பார்க்கத்தான் பார்க்கிறதாம். அது என் காதில் விழுந்தபோது நான் வீதியில் நின்றேன். படலையை ஒழுங்காகச் சாத்தினேன், வெளியே நின்றபடி. சாக்கில் இருந்தது அடுத்த வளவுக் குதிரையுடையது. உடைத்தால், மாட்டுச் சாணம்போல் மசியாமல், அரைபடாத வைக்கோல் தெரியும். சாணம் தட்டி வளர்ந்தவருக்குத் தெரியாமல் போகுமா?

அன்று வந்தது காஸ் அடுப்பு ரொட்டி. அங்கிள் கண்ணை மூடி மணந்த புகை, எனக்காக மணந்தது.