மூன்று மாதத்து ரோசா

அந்த வருடம் எங்கள் வீட்டில் ரோசாச் செடிகள் நல்ல தண்ணீர் குடித்தன. நானும் அக்காவும் கிணற்று உவர்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தோம். பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணீரில் முதல் பிளாஸ்டிக் கான் பூக்களுக்கு, மிச்சம்தான் எங்களுக்கு.

வேலணைத் தீவில் நாங்கள் இருந்த வீடு மாமாவுடையது. அம்மாவின் தமையன், கனடாவில் இருந்தார். அப்பா செத்த பிறகு எங்களை அங்கே கொண்டுவந்து இருத்தியவர் அவர்தான். "வீட்டை வடிவா வைச்சிரு, அது உங்கட வீடு மாதிரித்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த 'மாதிரி' அம்மாவின் காதில் விழவே இல்லை. அக்காவின் சீதனத்துக்கு அந்த வீடுதான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் வீடில்லாத பெண்ணை யார் கேட்டு வருவார்கள்?

ஒருநாள் மாமா தொலைபேசியில் முகம் காட்டி, முற்றத்தில் ரோசாப் பூச்செடி வைக்கச் சொன்னார். அம்மாவுக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருக்கப்போகிறவர்களிடம்தானே பூமரம் வைக்கச் சொல்வார்கள்!

"எங்கட தண்ணிக்கு ரோசா நிக்காது அண்ணை. போகன்விலா, செவ்வரத்தை எண்டால் மெல்ல மெல்ல வடிவா வரும்."

"மெல்ல வந்து சரிவராது. பூத்து நிக்கிறதாப் பாத்து வாங்கு. படத்துக்கு வடிவா இருக்கவேணும். மூண்டு மாதம் நிண்டால் போதும்."

அம்மா 'மூண்டு மாதம்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஓம் அண்ணை" என்றார். எனக்கோ மாமா ஒரு வள்ளலாகத் தெரிந்தார்.

யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போய் வாங்கினோம். நான் சிவப்பாக எது நின்றாலும் அதைக் காட்டினேன். அம்மா இலையைப் புரட்டி, தண்டை அமர்த்தி, பொலித்தீன் பாக்கில் இருந்த மண்ணை முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தார். மூன்று மாதம் நிற்கப்போகிற செடிக்கு அவ்வளவு சோதனை. கடைசியில் தன் காசில் ஒரு மல்லிகைக் கன்றும் வாங்கினார். பூவும் இல்லை, மொட்டும் இல்லை, ஈர்க்குப் போல நின்றது. நான் முகத்தைச் சுளித்தேன்.

"வேர் பிடிச்சிட்டால் உவர் ஒண்டும் செய்யாது. அக்காவின்ர கலியாணத்துக்குப் பூக்கும்" என்றார்.

திரும்பும்போது கடற்பாலத்தில் உப்புக் காற்று அடித்தது. அம்மா முந்தானையை விரித்து மல்லிகையை மூடிக்கொண்டார். ரோசாக்களை மூடத் துணி போதவில்லை. வந்ததும் மல்லிகையை வாசலோரம் நிலத்தில் நட்டார். மற்றவையெல்லாம் பூச்சாடிகளில் நின்றன.

மாமா சொன்னபடி படம் எடுத்து அனுப்பினோம். கொஞ்ச நாளில், மாமாவுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒரு புருசனும் பெண்சாதியும் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். பெண்சாதி ரோசாக்களைப் பார்த்து உருகினார். நான் வீட்டுக்காரனாக முன்னால் நடந்து ஒவ்வொரு சாடியாகக் காட்டினேன். புருசன் சுவரைத் தட்டினார், கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு வாசலுக்கு வந்து மல்லிகையைக் காலால் காட்டினார்.

"இதைப் புடுங்கினால் எங்கட கார் விடலாம்."

"புடுங்க ஏலாது. அது அக்காவின்ர கலியாணத்துக்குப் பூக்கிறது" என்றேன் நான்.

இருவரும் சிரித்தார்கள். தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த அம்மா கதவடியில் நின்றுவிட்டார். அக்கா போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு அம்மா நல்ல தண்ணீர்க் கானைத் தூக்கிவந்து முழுவதையும் மல்லிகையின் அடியில் ஊற்றினார். தண்ணீர் தேங்கி, வாசல் கடந்து தெரு ஒழுங்கைக்கு ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா, ரோசாவுக்கு?"

"ஏன்? அதுகளின்ர வேலை முடிஞ்சுது" என்றார்.

ரோசா என்ன வேலை செய்தது என்று எனக்கு விளங்கவில்லை. கூட்டிப் பெருக்கி, கதவு திறந்து காற்று விட்டு, அந்த வீட்டைக் காத்துக்கொண்டிருந்த எங்களையும் சேர்த்துத்தான் அம்மா சொன்னார் என்பதும் விளங்கவில்லை. அடுத்த நாள், அம்மாவுக்குத் தெரியாமல், ரோசாக்களுக்கு உவர்த் தண்ணீர் ஊற்றினேன்.