ஜைலோஸ் மித்தி உட்கார்ந்தால் வண்டி நிறையும்

“காலி வண்டியில என்னை ஒருத்தனை மட்டும் உட்கார வெச்சுப் பாருங்க. ரேடியோவுல நியூஸ் முடியறதுக்குள்ள கூட்டம் ஏறலைன்னா என் பேரை மாத்திக்கறேன். நான் உட்கார்ந்தா வண்டி நிறையும். அது என் ராசி.”

சிபாட்டா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சோளக்கள் கொட்டகையில் ஜைலோஸ் மித்தி இப்படிப் பிரகடனம் செய்தபோது இரண்டு நடத்துனர்களும், ஒரு சைக்கிள் டாக்சிக்காரரும், வேறு வேலையாக வந்திருந்த ஒரு பாதிரியாரும் அங்கே இருந்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான்கு பேர் மறுக்காத ஒன்றை நாடே ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வது ஜைலோஸின் வழக்கம்.

அவருடைய தொழில் இருக்கை நிரப்புவது. நிலையத்தில் வண்டிகள் நிறைந்தால்தான் கிளம்பும். காலி வண்டியில் எவரும் ஏறமாட்டார்கள். எவரும் ஏறாத வண்டி காலியாகவேதான் இருக்கும். பொருளாதார மேதைகள் கைவிட்ட இந்தச் சிக்கலை சிபாட்டா நிலையம் என்றைக்கோ தீர்த்துவிட்டது. நாலைந்து ஆட்களைப் பயணிகள் மாதிரி உட்கார வைப்பார்கள். நிஜப் பயணிகள் வர வர அவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொள்வார்கள். வண்டிக்கு இவ்வளவு என்று சில்லறையும் ஒரு பன்னும் கூலி.

இதில் ஜைலோஸ் வெறும் கூலியாள் அல்லர், கலைஞர். மற்றவர்கள் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவார்கள். ஜைலோஸ் அவசரமாக ஊருக்குப் போகிறவர் மாதிரி இருப்பார். மணிக்கட்டைப் பார்ப்பார், அதில் கடிகாரம் இல்லாவிட்டாலும். “இன்னுமா எடுக்கல? லுசாகாவுல எனக்காக ஆள் காத்திருக்கு” என்று வெளியே எட்டி ஓட்டுநரைத் திட்டுவார். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் தலைநகர் லுசாகாவுக்கும் அந்த வழியிலுள்ள பெட்டாவுக்கேவுக்கும் ஆயிரக்கணக்கான முறை கிளம்பியிருக்கிறார். போனது ஒரே ஒரு முறை. ஓட்டுநர் கவனிக்காமல் வண்டியை எடுத்துவிட, நிலைய வாசல் வரைக்கும் போய்விட்டார். அதைப் பல வருஷம் வெளியூர்ப் பயணம் என்றே குறிப்பிட்டுவந்தார்.

இப்படிப்பட்டவருக்கு நிஜமாகவே ஊருக்குப் போகவேண்டிய நாள் வந்தது.

மகள் டியோங்கே பெட்டாவுக்கேயில் செவிலியர் படிப்பை முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் பட்டமளிப்பு. பெயரைக் கூப்பிடும்போது பெண்ணின் தகப்பன் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் தாய்மாமன் எழுந்திருப்பான். டியோங்கேயின் தாய்மாமன் கிடியோன் மூன்று நாள் முன்னதாகவே பெட்டாவுக்கே போய், புதுக் காலணி வாங்கி, எழுந்து நிற்பதற்குத் தயாராக இருந்தான்.

“அப்பா, வந்துடுவீங்கல்ல?” என்று தொலைபேசியில் கேட்டாள் டியோங்கே.

“பஸ்ஸைப் பத்தி என்கிட்டயா கேக்கற?”

“அதனாலதான் கேக்கறேன். இத்தனை வருஷம் பொய்யா உட்கார்ந்தது போதும். ஒரு தடவை நிஜமா உட்காருங்க. மாமா எழுந்து நின்னா நான் மேடைக்கே போகமாட்டேன்.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜைலோஸ் நிலையத்துக்கு வந்தார். பாதிரியாரிடம் இரவல் வாங்கிய சாம்பல் நிறக் கோட்டு, கையில் பை, பையில் மகளுக்கு வறுத்த நிலக்கடலை. விடியற்காலையில் போகும் பெரிய வண்டிகள் லுசாகா ஆட்களைத்தான் ஏற்றும். பாதி வழியில் இறங்குகிறவர்களை ஏறெடுத்தும் பார்க்காது. பெட்டாவுக்கேவுக்கு இருப்பது ‘கடவுளின் நேரம்’ என்று நெற்றியில் எழுதிய இருபத்தொன்பது இருக்கை வண்டி. அது போனால்தான் வரிசையில் அடுத்தது ஆள் ஏற்றலாம். பதினொன்றுக்குள் கிளம்பினால் பட்டமளிப்புக்குப் போய்ச் சேரலாம்.

நடத்துனர் லைசன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “அண்ணே, மத்த ஆளுங்களைக் கூப்பிடவா?” என்றான்.

“எதுக்கு? அதான் நான் உட்காரப்போறேனே.”

லைசன் மற்ற நிரப்பிகளை லுண்டாசி வண்டிக்கு அனுப்பிவிட்டான். ஜைலோஸ் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் அமர்ந்தார்.

முதலில் ஏறியது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதுகில் அவள் உயரத்துக்கே ஒரு மூட்டை. பெயர் ஐனோ, பின்லாந்துக்காரி. டார்-எஸ்-சலாமிலிருந்து பேருந்து, மினி பஸ், லாரி என்று கிடைத்ததில் தொற்றிக்கொண்டு வருகிறாள்; கேப் டவுன் வரைக்கும் விமானம் ஏறுவதில்லை என்று சபதம். அப்படிப் போவதற்கு விதிகள் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தாள்.

“ஐயா, இது எப்ப கிளம்பும்?”

“இப்போ.”

“எல்லா ஊர்லயும் இப்போன்னுதான் சொல்றாங்க.”

“மத்தவங்க சொல்றது வேற, மகளே. நான் உட்கார்ந்திருக்கேன் பாரு.”

அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். கோட்டுப் போட்ட உள்ளூர்க்காரர் எந்த வண்டியில் இருக்கிறாரோ அதில் ஏறு என்பது அவளுடைய நான்காவது விதி.

எட்டு மணிக்கு வண்டியில் அவர்கள் இருவர். எட்டரைக்கு ஐந்து பேர். மலாவி எல்லையிலிருந்து வந்த துணி வியாபாரிகள் மூன்று பேர் கூடினார்கள். ஒன்பதரைக்கும் அதே ஐந்து பேர். ஜைலோஸ் தன் வித்தை அத்தனையையும் இறக்கினார். ஓட்டுநரைத் திட்டினார். கொட்டாவி விட்டார். நிஜமாகவே போகிறோம் என்ற நினைப்பில் கொட்டாவி கொஞ்சம் செயற்கையாக வந்துவிட்டதோ என்று இன்னொன்றும் விட்டார். எதிரே டீக்கடைகளில் மூட்டை முடிச்சோடு முப்பது பேர் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

லைசன் கடைப்பக்கம் போய்க் கத்தினான். “பெட்டாவுக்கே, பெட்டாவுக்கே. ஜைலோஸ் அண்ணன் இன்னிக்கு நிஜமாவே போறாரு. ஏறுங்கய்யா.”

டீக்கடை முழுக்கச் சிரிப்பு.

“கோட்டு கூட வாங்கிக் குடுத்துட்டாங்களா கம்பெனியில?” என்றார் ஒரு கிழவர்.

ஜைலோஸ் ஜன்னல் வழியே டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

“டிக்கெட் வேற அடிச்சுக் குடுத்திருக்காங்க, பாரேன். தொழில் எவ்வளவு முன்னேறிடுச்சு.”

“பக்கத்துல வெள்ளைக்காரியைக் கூட உட்கார வெச்சிருக்காங்கடா. அவளுக்கு நாள் கூலி எவ்வளவு இருக்கும்?”

ஐனோ அவர்களைப் பார்த்து மரியாதையாகக் கையசைத்தாள். அதுவும் நன்றாகப் பயிற்சி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

பத்தே காலுக்கு, தலையில் பலகாரச் சட்டியோடு ஜன்னலருகே வந்தாள் மலுபாவின் அம்மா. பதினாறு வருஷமாக இதே இடத்தில் கோதுமை உருண்டை பொரித்து விற்கிறவள். தொழில் முறையில் இருவரும் சகாக்கள்.

“டியோங்கேப்பா, ரெண்டு வாங்கிக்கங்க. சூடா இருக்கு.”

“பசிக்கல, மலுபாம்மா. இன்னிக்கு ஜனங்களுக்கு என்ன ஆச்சு? ஒருத்தருக்கும் ஊர் போற எண்ணம் இல்லையா?”

“ஏன் இல்ல? அதோ அந்தம்மா ஆறரையிலேர்ந்து உட்கார்ந்திருக்கு. தங்கச்சி வீட்டு எழவுக்குப் போகணுமாம்.”

“அப்புறம் ஏறவேண்டியதுதானே?”

“நீங்க இன்னும் இறங்கலையே.”

“நான் எதுக்கு இறங்கணும்?”

மலுபாவின் அம்மா சட்டியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இதை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்கே யோசனையாக இருந்தது.

“கோவிச்சுக்காதீங்க. இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான். நீங்க உள்ள இருந்தா வண்டி இப்ப போகாது, நிதானமா டீ குடிக்கலாம். நீங்க இறங்கினா சீட்டு நிறையப்போகுது, ஓடணும். என் வியாபாரமே அதை வெச்சுத்தான். நீங்க ஏறினதும் எண்ணெயைக் காய வைப்பேன். இறங்கினதும் அடுப்பை அணைச்சிடுவேன்.”

“பத்தொன்பது வருஷமாவா?”

“எனக்குப் பதினாறு. அதுக்கு முன்னாடி தெரியாது.”

ஜைலோஸ் இதை உடனே நம்பவில்லை. ஒரு கலைஞனிடம் அவன் கலையைப் பற்றிப் பலகாரக்காரி அபிப்பிராயம் சொல்வதை எந்த நாட்டில் ஒத்துக்கொள்வார்கள்? வெளியூர் ஆட்கள் எத்தனை பேர் தன்னைப் பார்த்து ஏறியிருக்கிறார்கள் என்று நினைவிலிருந்து சாட்சிகளைத் திரட்டப் பார்த்தார். கிடைத்த சாட்சி பக்கத்தில் உட்கார்ந்து விதிகளைப் படித்துக்கொண்டிருந்தது.

டீக்கடைப் பக்கம் திரும்பினார். முப்பது ஜோடிக் கண்களும் அவர் மேல்தான் இருந்தன. இத்தனை காலமும் அதை ரசனை என்று நினைத்திருந்தார்.

மணி பத்து இருபது. பெட்டாவுக்கேயில் கிடியோன் இந்நேரம் புதுக் காலணியைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

“லைசன்” என்று மெதுவாகக் கூப்பிட்டார். “வாசல் தாண்டி பெட்ரோல் பங்க் இருக்குல்ல. அங்க கொஞ்சம் நிறுத்துவியா?”

“எதுக்குண்ணே?”

“கேள்வி கேக்காத. நிறுத்துவியா?”

“நிறுத்தறேன். ஆனா சீட்டு இருக்காதே.”

“தெரியும்.”

கடலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். ஐனோ கலவரமாகப் பார்த்தாள்.

“ஐயா, நீங்க வரலையா? அப்ப வண்டி போகாதா?”

“இப்பதான் போகும், மகளே. மூட்டையை மடியில எடுத்து வெச்சுக்க.”

அவள் புரியாமல் அவருடைய இருக்கையில் தன் தொப்பியை வைத்து இடம் பிடித்தாள். ஜைலோஸ் படியில் ஒரு கணம் நின்றார். தொழில் நேர்த்தியோடு இறங்கும் வழக்கம் உண்டு அவருக்கு: சிகரெட் வாங்கப் போகிறவர் போல, மறந்ததைத் தேடுகிறவர் போல. இன்று ஒன்றும் செய்யவில்லை. சும்மா இறங்கினார். யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார்.

பத்தடி போவதற்குள் பின்னால் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு டீ டம்ளர்கள். பிறகு ஓட்டம். எழவுக்குப் போகிற அம்மாள் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினாள். ஒரு கோழி கத்தியது. “தள்ளுங்கய்யா, தள்ளுங்க, குழந்தை இருக்கு” என்று குழந்தை இல்லாத ஒருவர் கத்தினார். ஜைலோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் காவலாளி, “என்ன டியோங்கேப்பா, நிறைஞ்சாச்சா?” என்று வழக்கம்போல் கேட்டார். “ஆச்சு” என்றார் ஜைலோஸ்.

பெட்ரோல் பங்க் நிழலில் அவர் நிற்கத் தொடங்கியபோது உள்ளே வானொலியில் பத்தரை மணிச் செய்தி ஆரம்பித்தது. சோள விலை முடிந்து மழை பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ‘கடவுளின் நேரம்’ வந்து நின்றது. கதவில் லைசன் தொங்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் எழவு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் ஐனோவின் தொப்பி.

கதவருகே இருந்தவர்கள் ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். “ஐயோ, இவரு ஏறிட்டாரா?” என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்து, வண்டி இதற்கு மேல் போகுமா என்று ஓட்டுநரைக் கேட்டார்.

போகும் என்றார் ஓட்டுநர். ஜைலோஸ் இரண்டு மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நூற்று எழுபது கிலோமீட்டரும் நின்றுகொண்டே போனார்.