மூடி திறக்கும் முன்

லிஃப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. லிஃப்டைப் பழுது பார்ப்பவர். அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் பாதிக்கு அவர்தான் வைத்தியர். ஆனால் எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் படியில்தான் ஏறுவார். கேட்டால், "உள்ளே என்ன இருக்குன்னு எனக்குல்ல தெரியும்" என்பார். அவ்வளவு பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடியும் தெருமுனை போனதும் கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். மனைவி இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வதைக்கூட விட்டுவிட்டாள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில், ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்டி திடீரென்று கீழே போக ஆரம்பித்தது. இரண்டு மாடி தாண்டித்தான் பிரேக் பிடித்தது. அந்தப் பண்டிகையன்று, பாத்திரத்தின் மூடியைத் திறக்கப் போன மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரு. முதல்ல ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லிட்டுச் சாப்பிடுவோம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது சட்டமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில் உட்காரும் ஒவ்வொருவரும் அந்த வருஷத்துக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். கடைசியில் அவர் ஜெபம் செய்வார். அதற்கப்புறம்தான் மூடி திறக்கும். ஒரு வருஷம் மகன், "கணக்குப் பேப்பரைத் திருத்தினவர் மூக்குக்கண்ணாடியை மறந்துட்டு வந்ததுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லித் தலையில் குட்டு வாங்கினான். என்றாலும் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

இந்த வருஷம்தான் சிக்கல். மகளுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. அதற்குப் பிறகு அவள் சர்ச் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டிலும் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவள் வந்திருக்கும்போது டிவி விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்தால்கூட அவள் அம்மா சட்டென்று சேனலை மாற்றிவிடுவாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே மனைவி பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நாளைக்கு அந்த நன்றி சொல்ற சமாச்சாரம் வேண்டாம். நேரா ஜெபம் பண்ணிடுங்க. அவ முறை வந்தா என்னத்தைச் சொல்லுவா பாவம்?"

"அதை விட்டுட்டா அப்புறம் அது என்ன கிறிஸ்துமஸ்? ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துட்டுப் போயிடலாமே."

"சரி, பிடிவாதமா வெச்சுக்கிட்டு, அவ எந்திரிச்சுப் போயிட்டான்னா? திரும்ப இந்த வாசப்படி மிதிப்பாளா?"

லிஃப்ட்காரர் சாப்பாட்டு மேஜைப் பக்கம் திரும்பினார். நன்றியை விட்டால் ஆண்டவர் அந்த மேஜையைவிட்டு எழுந்து போய்விடுவார். விடாவிட்டால் மகள் போய்விடுவாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நாற்காலி காலியாகத்தான் தெரிந்தது.

மறுநாள் ஆராதனையில் போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று யாராவது கேட்டிருந்தால் மனிதர் மாட்டியிருப்பார். அவள் வர வேண்டும், வந்தால் விபரீதமாக ஒன்றும் நடக்கக் கூடாது என்று இதையேதான் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டிருந்தார். அத்தனை வேண்டுதலில் நன்றி என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை என்பது நடுவில் உறைத்தது. அதில் பயம் இன்னும் கூடிப் போனது.

மதியம் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் இளைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு பேக்கரியில் வேலை. அவர் கொண்டுவந்த கேக்கை, ஜென்மத்தில் கேக்கையே பார்க்காதவர்கள் மாதிரி ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அதுவும் ஓய்ந்ததும் ஐந்து பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

வழக்கமாக மகன்தான் ஆரம்பிப்பான். அவன் வாயைத் திறந்ததும் லிஃப்ட்காரர் மேஜைக்கு அடியில் அவன் காலை ஒரு மிதி மிதித்தார். அதே வேகத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எங்கள் பரம பிதாவே" என்று தொடங்கிவிட்டார்.

"அப்பா."

மகளின் குரல். காதில் விழாதது போல ஜெபத்தின் சத்தத்தைக் கூட்டினார்.

"அப்பா, நிறுத்துங்க."

கண்ணைத் திறந்தார்.

"யாரும் இன்னும் நன்றி சொல்லலையே?"

"இல்லம்மா... சாப்பாடு ஆறிடும்னு..."

"எனக்காகத்தானே விட்டீங்க?"

"விடும்மா, சாப்பிடலாம்" என்று அவள் அம்மா மூடியில் கையை வைத்தாள்.

"கையை எடும்மா. நான் சொல்லணும்." மகள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "எட்டு மாசம் அவ என்கூட இருந்தா. நான் படுத்தா உதைப்பா. பாடினா அடங்கிடுவா. அதுக்கு நன்றி. ஆண்டவர்மேல கோபம் இன்னும் போகலை, அதையும் இங்கயே சொல்லிடறேன். ஆனா நீங்க எல்லாரும் அப்படி ஒருத்தி இல்லவே இல்லாத மாதிரி வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களே, அதைத்தாம்பா தாங்க முடியலை. அவ நம்ம வீட்டு ஆள் இல்லையா?"

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்துகொண்டிருந்தது. எல்லோரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைச் சுற்றியிருந்த துணிச் சுருளை முதலில் அவரிடம்தான் நீட்டினாள். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூட.

இப்போது கண்ணை மூடவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஆண்டவரே, என் பேத்தியை அன்னிக்கு நான் கையில வாங்கலை. பயந்துட்டேன். மாப்பிள்ளைதான் வாங்கினார். அவர் வாங்கினதுக்கு நன்றி."

பேத்தி என்ற சொல்லை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. மகள் மேஜைக்குக் குறுக்கே எட்டி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஆமென்" என்றாள்.